வெட்டாமல் விட்ட தேயிலை

தேயிலை ஒரு மரம் என்று எங்களிடம் முதலில் சொன்னவர், ரிங்லெட் டவுனிலிருந்து எங்கள் தோட்டப் பள்ளிக்கு பஸ்ஸில் வந்துபோகும் வாத்தியார். இடுப்புக்கு மேல் வளரவிடாமல் வெட்டிக்கொண்டே இருப்பதால்தான் அது செடியாக நிற்கிறதாம். நான்காம் வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. பூக்கும் மரத்தில் ஒரு கிளையும் கொஞ்சம் பாசியும் கொண்டுவந்து, இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்ல வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். நன்றாகச் சொல்பவருக்குக் கலர் பென்சில் பெட்டி என்றார். அந்தப் பெட்டிக்காகச் சுடுகாட்டுக்கும் போகத் தயார் என்று நான் வீரம் பேசினேன்.

எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, சரிவில், வெட்டாமல் விட்ட தேயிலை மூன்று இருந்தன. கவாத்து வெட்டுகிறவர்கள் சுற்றிலும் மொட்டையடித்துவிட்டு அவற்றை மட்டும் தொடாமல் போவார்கள். கங்காணியும் ஏனென்று கேட்கமாட்டார். கொழுந்து பறிக்கும் பெண்கள் அங்கே வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் போகக்கூடாது, அவ்வளவுதான். காரணத்தை யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை, பனி இறங்கியிருந்த நேரத்தில் போனேன். மூன்றும் நிஜமாகவே மரங்கள். அடியெல்லாம் வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. கடைசி மரத்தடியில் தலையணை அளவுக்கு ஒரு பாசி மேடு. அதன்மேல் மட்டும் ஒரு பூ இல்லை, ஓர் இலை இல்லை. யாரோ இப்போதுதான் பெருக்கிவிட்டுப் போனதுபோல் இருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். பாசி உள்ளே அமுங்கி, மெதுவாக மேலே வந்தது. மறுபடி அழுத்தினேன். மூச்சு விடுவதுபோல் மறுபடி எழுந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். ஆனால் பென்சில் பெட்டி ஆசை விடவில்லை. ஒரு கிளையை ஒடித்து, பாசியை மொத்தமாக உரித்துக்கொண்டு ஓடினேன்.

வீட்டில் அம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அடியில் மண்ணோடு ஒரு கருவளையல் ஒட்டியிருந்தது. என் இரண்டு விரல்தான் அதற்குள் நுழையும்.

அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா பாசியை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் பிடித்தபடி சரிவில் ஏறினாள். எடுத்த இடத்திலேயே விரித்து, ஓரங்களை விரலால் செருகினாள்.

"இது திரும்ப ஒட்டிக்குமா?"

பாடம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். மரத்துக்கு வேர் உண்டு, பிடுங்கினால் செத்துவிடும். பாசிக்கு வேரே கிடையாது, ஈரம் இருந்தால் போதும் என்று ஒப்பித்தேன்.

"நெசமாவா? ஒன்னும் ஆவாதுல்ல?"

"ஆவாதும்மா. சார் சொன்னாருலா."

எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கும் முன்பே போய்விட்டதைப் பல வருடம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள். அன்று அம்மா அதே கேள்வியை இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இவ்வளவு சுலபமான பாடம் அம்மாவுக்கு ஏறவில்லையே என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் நான் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன்.