வெப்பாலைக் கோலும் பெட்டிச் சக்கரமும்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து உட்காருவதை முதலில் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கல்யாண வீட்டில்கூடப் பந்தியின் கோடி இலையாகப் பார்த்து உட்காருகிறவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனாலேயே மனதுக்குள் பேசிப் பழகிவிட்டது. அப்படிப் பேசிக்கொண்டதைத்தான் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் மரக் கடைசல். ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மெஷின் இருக்கிறது. சப்பாத்திக் கட்டை, மத்து, கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடியைத் தாங்கும் சிறு தூண்கள் இவைதான் வழக்கமான வேலை. எல்லாம் குட்டையானவை, இல்லாவிட்டால் தடித்தவை. நீளமாகவும் ஒல்லியாகவும் எதையும் கடைய நான் ஒத்துக்கொண்டதில்லை. பயம்தான் காரணம். மெஷின் கட்டையை இரண்டு முனையில் மட்டும்தான் பிடிக்கும். ஒல்லியான கட்டை சுற்றும்போது நடுப்பகுதி ஸ்கிப்பிங் கயிறு மாதிரித் துள்ளும். உளி பட்டால் இன்னும் துள்ளும். சில நேரம் முறிந்து பறக்கும்.

போன சித்திரையில் டவுனிலிருந்து ஒரு பாய் வந்தார். பாத்திரக் கடை வைத்திருக்கிறார். என்னிடம் மொத்தமாக மத்து வாங்குகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஸ்கூட்டரில் பழைய போர்வை சுற்றிய நீளக் கட்டை ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, எங்க பள்ளிவாசல் அசா அடியில பொளந்துடுச்சு. புதுசு ஒண்ணு வேணும். இதுலதான் கடையணும்" என்றார்.

அசா என்பது வெள்ளிக்கிழமைத் தொழுகையில் பிரசங்கம் செய்யும்போது இமாம் கையில் ஊன்றி நிற்கிற கோல். நாலரை அடி உயரம், கட்டை விரலைவிடக் கொஞ்சம் பெரிய பருமன். போர்வையைப் பிரித்தார். உள்ளே வெப்பாலை. தந்தம் மாதிரி வெள்ளையான மரம். அந்த நீளத்தில் முடிச்சில்லாத வெப்பாலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மருங்காபுரிப் பக்கம் என் மச்சான் கொல்லையில நின்னது. பள்ளிக்குன்னு சொல்லி அவரு கையாலயே வெட்டிக் குடுத்துட்டு சவூதிக்குப் போனாரு. எங்க வீட்டுப் பரண்ல காய்ஞ்சுக்கிட்டு கெடந்துச்சு. போன வருஷம் அவரு அங்கயே மௌத்தாயிட்டாரு."

"வேற கட்டை இருக்கா பாய்? ஒண்ணு போனா..."

"இருந்தா இவ்வளவு பத்திரமா சுத்திக் கொண்டாருவேனா? பூ வேலை, வளையம் ஒண்ணும் வேணாம். இமாமுக்கு வெறும் கோலா நேரா இருந்தாப் போதும். அடுத்த ஜும்ஆவுக்கு வேணும்."

என்னால் ஆகாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்க பாய்" என்று வந்துவிட்டது.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் ஒரு சவுக்குக் கம்பை மெஷினில் மாட்டிப் பார்த்தேன். இடது கையை வளைத்துக் கம்பின் முதுகில் அணைத்துக்கொண்டு வலது கையால் உளி பிடிப்பது ஒரு வழக்கம். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை பழுத்துவிட்டது. கம்பு ஊளையிட ஆரம்பித்தது. கையை எடுத்தேன். கம்பு இரண்டாக முறிந்து, ஒரு பாதி தகரத்தில் போய் மோதியது.

மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னங்க, கை இருக்கா?"

"இருக்கு."

"அந்தக் கட்டை?"

"ஒடஞ்சது சவுக்கு."

"நல்லவேளை" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எனக்குத்தான் நெஞ்சு அடங்கவில்லை. வெப்பாலை இப்படிப் போயிருந்தால் செத்துப்போன ஒருவருக்கு என்ன பதில் சொல்வேன்?

போனில் வீடியோ தேடினேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் மெஷின் நடுவில் வளையம் போன்ற ஒரு சட்டத்தை நிறுத்தியிருந்தார். வளையத்துக்குள் மூன்று சிறு சக்கரங்கள். அவை சுற்றுகிற கட்டையை மூன்று பக்கமும் அணைத்துப் பிடிக்கின்றன. கட்டை துள்ளவே இல்லை. ஸ்டெடி ரெஸ்ட் என்று அதற்குப் பெயர். ஆன்லைனில் கிடைக்கிறது, ஆனால் வந்து சேர அந்த வெள்ளிக்கிழமை தாண்டிவிடும்.

பாலக்கரைப் பக்கம் பழைய மெஷின் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அங்கே ஒன்று கிடந்தது, சக்கரத்துக்குப் பதில் பித்தளை விரல்களோடு. கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, "மரமா இரும்பாண்ணே?" என்று கேட்டார். மரம் என்றேன். "அப்ப வேணாம். இது இரும்பு லேத்துக்கு. மரத்துல வச்சா கருகருன்னு கோடு போட்டுடும்" என்றார். விற்க வேண்டியவரே வேண்டாம் என்கிறபோது பயம் இன்னும் கூடுகிறது.

சரி, நாமே செய்துகொள்வோம் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெட்டி ரிப்பேர் செய்பவரிடம் போனேன். வெளிநாடு போய்வருகிற பெட்டிகள் அவர் கடை வாசலில் கால் உடைந்து குவிந்து கிடக்கும்.

"சக்கரம் வேணும்ங்க. மூணு."

"பெட்டி எங்கண்ணே?"

"பெட்டி இல்ல."

அவர் தைத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தினார். "சக்கரம் வாங்கிட்டு அப்புறமாப் பெட்டி வாங்குவீங்களா? அதுவும் மூணு சக்கரம். ஆட்டோவாண்ணே விடப் போறீங்க?"

பக்கத்தில் பூ விற்கிற அம்மா சிரித்துவிட்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது. மரம் கடைய என்று மெதுவாகச் சொன்னேன். அதன் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை. டப்பாவைக் கொட்டி, ரப்பர் மெத்தென்றும் உள்ளே பேரிங் நல்லதாகவும் உள்ள மூன்றை ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காதில் வைத்துப் பார்த்துக் கொடுத்தார். "மூணும் துபாய் பாத்த சக்கரம். ஒண்ணும் ஆவாது, போங்க."

இரண்டு பிளைவுட் பலகையை ஒட்டி, நடுவில் வட்டமாக வெட்டி எடுத்து, மூன்று கைகள் வைத்து, கை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சக்கரம் பூட்டினேன். கைகளை உள்ளே வெளியே தள்ளி போல்ட்டால் முறுக்கிக்கொள்ளலாம். இன்னொரு சவுக்குக் கம்பில் ஓட்டிப் பார்த்தேன். சத்தம் அடங்கிவிட்டது. உளி வெண்ணெயில் போவது போலப் போனது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு கம்பு, மூன்று கம்பு என்று ஓட்டிக்கொண்டே நாளைக் கடத்தினேன். வியாழக்கிழமை வந்துவிட்டது. இனி தள்ள முடியாது.

காலையில் குளித்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தால், மனைவி எனக்கு முன்னால் வந்து ஸ்டெடி ரெஸ்டுக்குச் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தாள். சட்டத்துக்கு மட்டுமில்லை, மூன்று சக்கரத்தின் ரப்பரிலும்.

"சக்கரத்துக்குமா?" என்றேன். 

"புதுசா ஒரு சாமான் ஓட்டப் போறீங்க, பொட்டு வைக்காம ஓட்டுவாங்களா? பைக் வாங்குனப்ப டயருக்கு வச்சோமில்ல?"

துடைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். துணியைக்கூடக் கையில் எடுத்தேன். இவ்வளவு பயத்தோடு தொடங்குகிற வேலையில் வைத்த பொட்டை அழிப்பதா? காய்ந்துதானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வெப்பாலையை மாட்டினேன். சக்கரங்கள் உருள்வதற்காக நடுவில் ஒரு விரற்கடை அகலத்தை மட்டும் முதலில் உருட்டையாகக் கடைந்து, மூன்று சக்கரங்களையும் அங்கே அணைத்தேன். பிறகு ஒரு பாதி, அப்புறம் மறு பாதி. கண் உளி நுனியைவிட்டு நகரவில்லை. சுருள் சுருளாக வெள்ளைச் சீவல் மேலே வந்து விழுந்து சக்கரங்களையே மூடிவிட்டது. கோல் துள்ளவில்லை, ஊளையிடவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நேரான ஒன்றை நான் கடைந்ததில்லை. மெஷினை நிறுத்திச் சீவலை ஒதுக்கினேன்.

நடுவில் சிவப்பாக ஒரு வளையம்.

சுற்றிய சூட்டில், மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாக இருந்த சந்தனமும் குங்குமமும் மரத்துக்குள் இறங்கியிருந்தன. மயிரிழை கடைந்து பார்த்தேன். சிவப்பு ரோஜா நிறமானதே தவிரப் போகவில்லை. உப்புத்தாள் போட்டதில் இரண்டு பக்கமும் இழுவிக்கொண்டது. இன்னும் கடைந்தால் நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கிவிடும். இமாம் ஊன்றும்போது அந்த இடத்தில்தான் முறியும். மொத்தக் கோலையும் மெலியவைக்கப் பருமன் இல்லை. பள்ளிவாசல் கோலில் குங்குமம். நான் அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி வந்து பார்த்தாள். முகம் செத்துவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழாமல் கேட்டாள். "இது என் தங்கச்சி வீட்ல அரைச்ச குங்குமம்தானே? வெறும் மஞ்சளும் சுண்ணாம்பும்தான். எலுமிச்சம்பழம் ஜாஸ்தியாப் பட்டா திரும்ப மஞ்சளாயிடும். ஒருதரம் அவளுக்கு அப்படித்தான் ஒரு டப்பாவே வீணாப் போச்சு."

"மஞ்சளானா மட்டும்?"

"மஞ்சக் கறை வெயில்ல நிக்காதுங்க. மஞ்சத் தண்ணி ஊத்துன வேட்டியெல்லாம் பின்ன எப்படி வெளுக்குது?"

எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தாள். நான் பார்க்கப் பார்க்கச் சிவப்பு அடங்கிப் பச்சை மஞ்சளாயிற்று. கோலை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது வேறு பயம். நனைந்த ஒல்லிக் கோல் சித்திரை வெயிலில் ஒரே பக்கம் காய்ந்தால் வில்லாக வளையும். அதனால் இரண்டு செங்கல்லின் மேல் அதை வைத்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து உருட்டிக்கொண்டே இருந்தேன். சுடச்சுட உருட்டினேன். மஞ்சள் குறைகிறதா இல்லையா என்று பார்த்துப் பார்த்துக் கண்ணே மஞ்சளித்துவிட்டது.

மனைவியே பாய்க்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் சொல்லியிருக்க மாட்டேன். அவர் மத்தியானத் தொழுகை முடிந்ததும் வந்துவிட்டார். மாடி ஏறிய மூச்சோடு குனிந்து பார்த்தார்.

"தப்பு என் மேலதான் பாய். நான்தான் பொட்டு வச்சேன்" என்றாள் மனைவி.

"உங்க மெஷினுக்கு நீங்க பொட்டு வைக்கிறது ஒரு தப்பாம்மா? அது எங்க கோல்ல வந்து ஒட்டுனதுதான் சங்கடம்." என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒளிச்சுப் பேசல. இது போகலைன்னா நான் எடுத்துக்கிட்டுப் போக முடியாது. எனக்கு ஒண்ணுமில்ல. நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். இமாம் பாவம், வாயைத் தொறந்து சொல்லவும் மாட்டாரு."

"கலர் வார்னிஷ் அடிச்சா தெரியாது பாய்."

"பள்ளிவாசலுக்குள்ள ஒண்ண மறைச்சா கொண்டுபோறது? உருட்டுங்க, உருட்டுங்க."

அவரும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். மனைவி மோர் கொண்டுவந்தாள். அவர் மச்சானைப் பற்றிச் சொன்னார். வெட்டிய அன்று அந்த மனுஷன் கோடாலியைப் போட்டுக் கால் கட்டைவிரலைப் பதம் பார்த்துக்கொண்டு, வீட்டில் திட்டு விழும் என்று ஊரெல்லாம் செருப்பு கடித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே நின்றது. சாயங்காலத் தொழுகையை அங்கேயே துண்டு விரித்து முடித்தார். அவர் தொழும்போது உருட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு வளைந்துவிடுமோ என்று சத்தமில்லாமல் உருட்டினேன்.

வெயில் சாய்ந்தபோது கோலை எடுத்து அவரிடம் கொடுத்தேன். முதலில் தரையில் உருட்டிவிட்டுப் பார்த்தார். தடக்கென்று ஓசை இல்லாமல் சுவர் வரை போய் நின்றது. வளையவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கோலை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. உங்களுக்குத் தெரியுதா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "தெரியுதுங்க பாய்" என்றேன்.

"எங்க, காட்டுங்க."

விரலை வைத்துக் காட்டினேன். பழைய கடுதாசி நிறத்தில் ஒரு நிழல் மாதிரி இருந்தது. அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மனைவியைக் கூப்பிட்டு, "நீங்க பாருங்கம்மா" என்றார். அவள் பார்த்துவிட்டு, நான் விரல் வைத்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓரிடத்தைத் தொட்டு, "இதுதானே?" என்றாள்.

"ரெண்டு பேரும் வேற வேற எடத்தக் காட்டுறீங்க" என்றார் பாய். "அப்ப அது மரத்தோட நெறம்தான். நடந்ததை இமாம்கிட்ட நான் ஒருவார்த்தை சொல்லிடுறேன். அவரு சரின்னா ஊனட்டும். வேணாம்னா திரும்பக் கொண்டாறேன்."

போர்வையில் சுற்றி ஸ்கூட்டரில் கட்டினார். நான் எண்ணெய்கூடத் தேய்க்கவில்லை. தேய்த்தால் மறுபடி மேலே வந்துவிடுமோ என்று பயம்.

மறுநாள் ஜும்ஆ முடிந்த பிறகு பாய் போன் செய்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு இமாம் அதையேதான் ஊன்றினாராம். பளிங்குத் தரையில் கோலின் அடி வழுக்குகிறது, கைத்தடிக்குப் போடுகிற மாதிரி ரப்பர் குப்பி போட வேண்டும் என்று இமாம் சொன்னாராம். நான் டவுனுக்குப் போய் ஒரு ரப்பர் குப்பி வாங்கிக் கோலின் அடியில் மாட்டிவிட்டு வந்தேன்.