சைபர் பிடிக்காத ஜன்னல்

அளவுக்காரம்மாவைத் தெரியாதவர்கள் அந்த நகரத்தின் பழைய தெருக்களில் கிடையாது. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கையில் டேப்போடு அவர் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் அந்தக் கட்டடத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம். இடிப்பதற்கு முன்னால் நகர அலுவலகத்திலிருந்து வந்து, எத்தனை அறை, எத்தனை கதவு, எத்தனை ஜன்னல் என்று அளந்து வரைபடம் போட்டு வைப்பது அவர் வேலை. முப்பத்தோரு வருடமாக அதைத்தான் செய்கிறார். ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம்.

இடியப்போகிற வீட்டை மனிதர்கள் சுற்றிக்காட்டுகிற அழகு இருக்கிறதே, அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். நேற்று வரை "இதுவும் ஒரு வீடா" என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள், டேப்பைக் கண்டதும் பின்னாலேயே வருவார்கள். "அந்தத் தூணை விட்டுடாதீங்க மேடம்." "இந்தக் கதவு சாத்தாது, தூக்கித்தான் சாத்தணும், அதையும் எழுதிக்கோங்க." கதவு எப்படிச் சாத்தும் என்பதை வரைபடத்தில் எழுத இடம் கிடையாது. அளவுக்காரம்மா எரிந்து விழுவார். "நான் அளக்க வந்தேனா, உங்க கதை கேட்க வந்தேனா?" என்பார். அப்படிச் சொல்லிவிட்டு முழுக்கதையையும் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். மருந்துக்கடை இருந்த மூலைக் கட்டடம், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற அச்சுக்கூடம், பதினாறு குடித்தனங்கள் ஒரே முற்றத்தில் சண்டை போட்ட வீடு எல்லாம் இன்று தரைமட்டம். அவர் மனதில் மட்டும் அங்குலம் பிசகாமல் நிற்கின்றன.

டேப்பின் மறுமுனை சைபர் என்கிற உதவியாளர் கையில் இருக்கும். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அலுவலகப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்குகிறது. டேப்பில் பூஜ்யம் இருக்கிற முனையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் நின்றால் அப்புறம் யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? அவருக்கும் அதில் வருத்தமில்லை. "நான் இல்லாம எந்த அளவும் ஆரம்பிக்காதுல்ல?" என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

அளவுக்காரம்மாவிடம் ஒரு கொள்கை உண்டு. டேப் தொடாத கோட்டை அவர் வரைய மாட்டார். குனிய முடியாத பரணா, தவழ்ந்தாவது போவார். பூட்டிய அறையா, சாவி வரும் வரை வாசலில் உட்கார்ந்திருப்பார். இந்தக் கொள்கையைச் சொல்லிச் சொல்லியே அலுவலகத்தில் பாதிப் பேரைத் தனக்கு எதிரியாக்கி வைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்டவர்தான் அந்தத் தவறைச் செய்தார்.

அது நான்கு மாடிக் கட்டடம். அகலமான மரப்படிக்கட்டு. அதன் அடியில், சரிந்த கூரையோடு ஓர் அறை. அளவுக்காரம்மா பிறந்து ஆறு வயது வரை வளர்ந்தது அந்த அறையில்தான். அவருடைய அம்மா அந்தக் கட்டடத்தின் படிகளைக் கழுவித் துடைக்கிற வேலை பார்த்தார். அம்மாவும் அக்காவும் அவருமாக மூன்று பேர் அதற்குள் எப்படித்தான் படுத்தார்களோ. இப்போது அங்கே ஒரு தையல்காரம்மா இருக்கிறார். கணவரோடு குடிவந்து பத்தொன்பது வருடமாகிறது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மிஷினும் துணி மூட்டைகளும்தான் துணை.

மேல் மாடிகளை அளந்துவிட்டுக் கீழே வந்தபோது அளவுக்காரம்மா அந்த அறைக்குள் நுழையவில்லை. வாசலிலேயே நின்றார். தையல்காரம்மா வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு தலையாட்டி வரவேற்றார். பின்சுவரில் பூப்போட்ட திரை ஒன்று தொங்கியது. அளவுக்காரம்மா அதையே பார்த்தார். நம்ம ஜன்னல் இன்னும் இருக்கிறது. அவ்வளவுதான் நினைத்தார். சைபரை உள்ளே விட்டு நீளமும் அகலமும் மட்டும் அளந்துகொண்டு, "தூசி, கண்ணுல விழுந்துடுச்சு" என்று சொல்லி வெளியே வந்துவிட்டார். அலுவலக மேஜையில் வரைபடம் போடும்போது கை தானாக அந்தச் சுவரில் ஒரு ஜன்னலை வரைந்தது. இரண்டடி அகலம், மூன்றடி உயரம், தரையிலிருந்து மூன்றடியில். கீழே கையெழுத்தும் போட்டார்.

ஜன்னல் என்றால் சும்மா இல்லை. வெளிச்சுவரில் ஜன்னல் உள்ள அறைதான் குடியிருப்பு. இல்லாவிட்டால் அது சாமான் அறை. குடியிருப்பு என்றால் அதில் இருப்பவருக்குப் புதுக் கட்டடத்தில் ஒரு வீடு உண்டு. சாமான் அறைக்கு ஒன்றும் கிடையாது. பட்டியல் வெளிவந்த அன்று தையல்காரம்மா மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், "எனக்கும் வீடு வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பன்னிரண்டு நாள் கழித்து, வரைபட நகல்களை மடித்துக்கொண்டிருந்த சைபர் கை நின்றது.

"ஏங்க்கா, இந்த ஜன்னலை நான் பிடிக்கலையே."

"எந்த ஜன்னல்?"

"படிக்கட்டு ரூம்ல. நீளம் பிடிச்சேன், அகலம் பிடிச்சேன். ஜன்னல் பிடிச்ச ஞாபகமே இல்ல."

அளவுக்காரம்மா நகலைப் பிடுங்கிப் பார்த்தார். அன்று மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு நேராகத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். திரையை விலக்கினார். பின்னால் வெறும் சுவர். வழவழவென்று பூசிய சுவர்.

"இங்க ஜன்னல் இல்லையா?"

"ஏது ஜன்னல்? நாங்க வந்தப்பவே சுவர்தான். சும்மா ஒரு அழகுக்குத் திரை தச்சுப் போட்டேன். ஜன்னல் இருக்கிற மாதிரி ஒரு நெனப்பு இருக்கட்டுமேன்னு."

அளவுக்காரம்மா அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா ஆறு வயது மூத்தவர். நகரத்தின் மறுகோடியில் மகளோடு இருக்கிறார். முழங்கால் வலி, அதைவிடப் பெரிய வாய்.

"ஜன்னலா? அந்த ரூம்லயா? உனக்கு என்னடி ஆச்சு? பட்டப்பகல்லயே விளக்குப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். நீ சொல்றது ரெண்டாவது மாடிப் படித் திருப்பத்துல இருக்கிற ஜன்னல்."

"இல்லக்கா. நம்ம ரூம்லதான். நான் அதுல நின்னு தெருவைப் பார்த்திருக்கேன்."

"உனக்கு அப்ப நாலு வயசு. எனக்குப் பத்து. யார் ஞாபகம் சரியா இருக்கும், நீயே சொல்லு."

போனை வைத்துவிட்டு, அளவுக்காரம்மா தையல்காரம்மாவை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். சுவருக்கு ஒரு சாண் தள்ளி, பிற்காலத்தில் கட்டிய அடுத்த கட்டடம் நிற்கிறது, வெளியே போய்ப் பார்க்க வழியில்லை. அடைத்த ஜன்னலாக இருந்தாலும் அதன் மரச்சட்டம் சுவருக்குள் இருந்தால் கணக்கில் சேரும். ஆனால் அளந்து முடித்த கட்டடத்தில் அதிகாரி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. அடித்தால் புதிதாக ஓட்டை போட்டதாகத்தான் சொல்வார்கள்.

"அப்ப பேசாம இருந்துடுங்களேன்," என்றார் தையல்காரம்மா.

"பத்து ரூமுக்கு ஒண்ணுதான் திரும்ப வந்து பார்ப்பாங்க. வரலைன்னா வீடு உங்களுக்கு. வந்து திரையைத் தூக்கினா, பொய்ன்னு எழுதி உங்க பேரையே அடிச்சிடுவாங்க. என் பேரையும் சேர்த்து."

"பத்துல ஒண்ணுதானே."

"ஆமா."

"நீங்களா போய்ச் சொல்லி, உடைச்சுப் பார்த்து, உள்ள ஒண்ணும் இல்லைன்னா?"

அளவுக்காரம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தார். தையல்காரம்மாவுக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? "ஞாபகம் ஞாபகம்னு சொல்றீங்க. உங்க ஞாபகத்தை வச்சுக்கிட்டு நான் எங்க போய்ப் படுக்கிறது?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். ஒரு முழுத் தையல் ஓடி முடிந்தது. நூலைக் கத்தரித்தார். பிறகு எழுந்து போய்த் திரையைக் கழற்றி மடித்து வைத்தார்.

"இனிமே ஒவ்வொரு தடவை கதவு தட்டும்போதும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். அதுக்கு உடைச்சே பார்த்துடலாம். போய்ச் சொல்லுங்க," என்றார்.

அன்று மாலையே அளவுக்காரம்மா எழுதிக் கொடுத்தார். "இந்த ஜன்னலை நான் அளக்கவில்லை. அளந்ததாகக் கையெழுத்திட்டது என் தவறு." அலுவலகத்தில் அவருக்கு எதிரியாக இருந்த பாதிப் பேருக்கும் அன்று பண்டிகை மாதிரி இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை அதிகாரி வந்தார். கோப்பில் உள்ளதுதான் உலகம் என்று நினைக்கிற ரகம், ஆனால் கெட்டவர் இல்லை. கூடவே ஒரு கொத்தனார். தையல்காரம்மா மிஷினைப் போர்வையால் மூடி, அதற்கு முன்னால் காவல் போல நின்றுகொண்டார். அளவுக்காரம்மா வரைபடத்தில் போட்ட இடத்தைச் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினார். கொத்தனார் உளியை வைத்தார். பூச்சு உதிர்ந்தது. உள்ளே செங்கல். ஒட்டிக்கொண்டு, ஒழுங்காக, ஒரே சீராக அடுக்கிய பழைய செங்கல். ஒரு முழம் தள்ளித் தட்டினார். அங்கேயும் அதே செங்கல்.

"இது ஆதியிலயே கட்டின சுவர்ங்க," என்றார் கொத்தனார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். தையல்காரம்மா துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூட அளவுக்காரம்மாவுக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும். முப்பத்தோரு வருடத்தில் ஒரே ஒரு கோடு பொய்யாகப் போட்டோம், அது ஒருத்தியின் தலையில் விழுந்துவிட்டதே என்று அவர் கூசிப்போய் நின்றார்.

கொத்தனார் உளியைத் துடைத்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், சுத்தியல் பிடியால் சுவரின் மேல்பக்கம் தட்டினார். மறுபடி தட்டினார்.

"இங்க சத்தம் வேற மாதிரி இருக்கே."

"அவ்வளவு உயரத்துலயா?" என்றார் அதிகாரி.

"பார்த்துடுவோமே, சார். ஒரு தட்டுதானே," என்று சைபர் குறுக்கே விழுந்தார். அதிகாரி முன்னால் சைபர் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கூரைச் சரிவுக்குக் கொஞ்சம் கீழே, பூச்சு பெரிய வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே சின்னச் சின்ன செங்கல் துண்டுகள், வேறு காலத்து அவசர வேலை. அவற்றைச் சுற்றி, கறுத்துப்போன மரச்சட்டம். நான்கு பக்கமும் முழுசாக.

தையல்காரம்மா எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். அதிகாரி திறந்த பேனாவால் வேறொன்றை எழுத வேண்டியதாயிற்று. "அளங்க," என்றார்.

சைபர் முனையைப் பிடித்தார். அகலம் ஓரடி மூன்று அங்குலம். உயரம் ஓரடி ஆறு அங்குலம். இரண்டுக்கு மூன்று என்று வரைந்திருந்த அளவுக்காரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தால் எந்த ஜன்னலும் பெரிய ஜன்னல்தான் போலிருக்கிறது. பிறகு சைபர் குனிந்து தரையோடு பூஜ்யத்தை ஒட்டிப் பிடிக்க, அவர் டேப்பை ஜன்னலின் கீழ்விளிம்பு வரை இழுத்தார்.

"எவ்வளவுக்கா?" என்று கீழே இருந்து சைபர் கேட்டார்.

"அஞ்சடி ஒரு அங்குலம்."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். இப்போதே, வளர்ந்த பெண்ணாக, அவர் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு அந்த உயரம் எப்படி எட்டியிருக்கும்?

எல்லோரும் போன பிறகு, படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தார்.

"இருக்குக்கா ஜன்னல். வீடு அந்தம்மாவுக்கு உறுதியாயிடுச்சு. ஆனா தரையில இருந்து அஞ்சடி உயரம். நான் எப்படிப் பார்த்திருப்பேன்?"

அக்காவின் அந்தப் பெரிய வாய் அன்று தணிந்து பேசியது.

"என் தோள்ல உட்கார்ந்துதான்," என்றார். "அம்மா படி கழுவப் போனதும் அழ ஆரம்பிப்ப. தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுச் சுவரோட ஒட்டி நிப்பேன். எனக்கு மூக்குக்கு நேரா சுவர். உன் ரெண்டு காலும் என் கழுத்தைச் சுத்தி. அதான் தெரியும் எனக்கு. ஜன்னல்னு ஒண்ணு இருந்ததே ஞாபகம் இல்ல பாரு. நான் அதுல பார்த்ததே இல்லையே. நீதான் சொல்லிக்கிட்டே இருப்ப, சிவப்புக் குடை போகுது, நாய் போகுதுன்னு."

அளவுக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "கிளம்பி வாக்கா," என்றார்.

சனிக்கிழமை அக்கா முழங்காலைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். தையல்காரம்மா முக்காலியைப் போட்டு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். அளவுக்காரம்மா இன்னொரு பக்கம். அக்கா மெல்ல ஏறி, கல் எடுத்த ஜன்னலில் முகத்தை வைத்தார். எதிரே, ஒரு சாண் தூரத்தில், பக்கத்துக் கட்டடம்.

"என் ராசியைப் பாரு," என்றார். "அன்னிக்குக் கீழ நின்னேன், சுவர். இன்னிக்கு மேல ஏறினேன், இப்பவும் சுவர்."

மூன்று பேரும் சிரித்தார்கள். முக்காலி ஆடியது. இறங்குவார் என்று இருவரும் கை நீட்டினார்கள். அக்கா இறங்கவில்லை. முகத்தை ஜன்னலிலிருந்து எடுக்கவும் இல்லை.

"சரி, சொல்லு."

"என்னத்தக்கா?"

"அப்ப சொல்லுவியே, அது மாதிரி. என்னென்ன போகுதுன்னு சொல்லு."

அளவுக்காரம்மா முக்காலியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். "சிவப்புக் குடை ஒண்ணு போகுதுக்கா," என்று ஆரம்பித்தார்.

"ம்."

"பின்னாடியே ஒரு நாய் போகுது."

"மெதுவா சொல்லு," என்றார் அக்கா. "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."