என்ஜினைக் குறைக்கும் பாடம்

மார்த்தாண்டத்தில் என் பாடப் புத்தகங்களை நகலெடுத்துச் சுருள்கம்பி போட்டுத் தந்த கடைக்காரர், நர்சிங் படிப்பா என்று கேட்டார். எங்கள் ஊரில் முப்பது தாண்டிய ஒரு பெண் இவ்வளவு கனத்துக்கு இங்கிலீஷ் தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்தால், வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதப் போகிறாள் என்றுதான் அர்த்தம். ஹெலிகாப்டர் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு என்றேன். நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ரப்பர் பேண்டு மாட்டிக் கொடுத்தார். நின்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை. அந்த மாதங்களில் எனக்கு எதற்குமே பொறுமை இல்லை.

அதற்கு முன் பல வருஷம் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்கிக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. பயிற்றுநர் உரிமம் வாங்கி வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று வடக்கே ஒரு பறக்கும் பள்ளியில் சொன்னார்கள். முதலில் எழுத்துத் தேர்வு. பிறகு பரீட்சகர் அன்று காலையில் எந்தப் பாடத்தைச் சொல்கிறாரோ அதைப் பலகையில் எழுதி நடத்திக் காட்ட வேண்டும், அதையே மேலே போயும் நடத்திக் காட்ட வேண்டும். தோற்றால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். எனக்கு வேறு பிழைப்பும் தெரியாது. படிப்பதற்கென்று அக்கா வீட்டுக்கு வந்தேன். வந்து வசமாக மாட்டிக்கொண்டேன்.

அக்கா என்னைவிட நன்றாக மூத்தவள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு என்று இருப்பது அவள்தான். எங்கள் குடும்பத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ஆசிரியர்மேல்தான் விழ வேண்டும். சித்தி, சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லாருமே சாக்பீஸ் பிடித்தவர்கள். நான் மட்டும் தறுதலை. நான் பறக்கிற நாளெல்லாம், தரையில் இறங்கிவிட்டேன் என்று தகவல் போகும்வரை அக்கா பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க மாட்டாள் என்று அவளோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பயிற்றுநர் வேலை என்று நான் வாயைத் திறந்ததும், "படிப்பிச்சுக் குடுக்கிய வேலையா?" என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். அவள் கண் நிறைந்துவிட்டது. அடுத்த வாக்கியத்தை நான் தொடங்குவதற்குள் சித்திக்கு போன் போட்டு, அவளும் டீச்சர் ஆகியாச்சு, இனி பறக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் என்றால் கரும்பலகை, மேசை, நாலு சுவர். இதைத் தவிர வேறு விதமான டீச்சரை எங்கள் ஆட்கள் பார்த்ததில்லை. கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தேன். அவள் சந்தோஷத்தில் எனக்கும் ஒரு கை காட்டிவிட்டுப் பேசிக்கொண்டே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கைகளை அறிவிக்கும் நேரம் வந்தது. பிள்ளைக்கு வேலை கிடைத்தது, காய்ச்சல் குணமானது, வீட்டுக்குக் கான்கிரீட் போட்டது என்று போதகர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் என் முறையும் வந்தது. ஆபத்தான ஆகாய வேலையிலிருந்து தங்கையை விடுவித்துத் தரையிலே ஆசிரியப் பணி அருளியதற்காக அக்கா செலுத்தும் காணிக்கை. பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் திரும்பியது. எழுந்து நின்று, சிறு திருத்தம் ஐயா என்று சொல்லவா முடியும்? ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கை குலுக்க வரிசை நிற்கிறது. ஒரு அம்மா என் கன்னத்தைத் தடவி, இனி உனக்க அக்கா நிம்மதியா உறங்குவா என்றார். அக்கா பக்கத்தில் புதுப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சபைக்கே தெரிந்த ஒரு சந்தோஷத்தை நான் ஒருத்தி போய் உடைக்க வேண்டும். உடைக்கவில்லை. மாடியில் உட்கார்ந்து படித்தேன்.

அக்கா என்னைப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையாகவே நடத்தினாள். ஐந்து மணிக்கு எழுப்பிக் கட்டன்சாயா தருவாள். சுவரில் கால அட்டவணை ஒட்டியிருந்தாள். பள்ளிக்குப் போகும்போது என் போனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, கேட்டையும் பூட்டிக்கொண்டு போவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கதை பேசிப் படிப்பைக் கெடுப்பார்களாம். இன்னொரு சாவி ஆணியில்தான் தொங்கியது. ஆனால் எடுத்துக்கொண்டு எங்கே போவது? ஐப்பசி மழை. மாடியில் தகர ஷீட். மழை விழுந்தால் என் குரல் எனக்கே கேட்காது. ஜன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாக ரப்பர் மரம், அதற்கப்பால் களியக்காவிளைக்குப் போகிற லாரிகளின் ஹாரன். கடலுக்கு மேலே அத்தனை பெரிய வெளியில் இருந்தவளுக்கு அந்த அறை மூச்சு முட்டியது. அழுதிருக்கிறேன். சத்தம் வெளியே போகாது என்பதுதான் தகர ஷீட்டால் கிடைத்த ஒரே லாபம்.

படிப்பதில் கஷ்டம் புத்தகம் இல்லை. காற்று எப்படித் தூக்குகிறது, சட்டம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். கை செய்வதை வாய் அதே நேரத்தில் சொல்ல வேண்டும், அதுதான் பாடு. ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் பக்கத்தில் இருக்கும் மாணவன் தவறாகப் பிடித்துக்கொள்வான். போதாததற்கு, இத்தனை வருஷம் வலது சீட்டில் உட்கார்ந்தவள் இனி இடது சீட்டுக்கு மாற வேண்டும். எல்லாமே கோணலாகத் தெரியும். அதைப் பழக, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே குடையை நிறுத்தி, அதுதான் சாய்த்துத் திருப்பும் கம்பு என்று வலது கையால் பிடிப்பேன். இடது பக்கம் துடைப்பக் கம்பு. அதுதான் தூக்கவும் தாழ்த்தவும் உள்ள லீவர். கால்களுக்குக் கீழே பெடல்களுக்குப் பதிலாக இரண்டு செங்கல். அப்படி உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பேன். ரப்பர் வெட்ட வந்தவர் ஒரு தரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் அக்காவிடம் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம்.

கேட்க ஆளில்லாமல் என்ன பாடம் என்று அக்கா தானே மாணவியாக வந்து உட்கார ஆரம்பித்தாள். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து, முகம் கழுவி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்காருவாள். நான் வெள்ளைப் பலகையில் எழுதி நடத்துவேன். நேராகப் பறப்பது, திருப்புவது, ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பது என்று பயமில்லாத பாடங்களாகப் பொறுக்கி எடுத்தேன். எல்லாம் பலகையில் நடப்பது என்றே அவள் நம்பினாள். மேலே யாரோ பறப்பார்கள், நான் கீழே நின்று சொல்லுவேன் என்பது அவள் நினைப்பு. நானும் யார் எங்கே உட்காருவார்கள் என்ற பேச்சே எடுக்காமல் நடத்தினேன்.

ஆனால் இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்தவள் அவள். ஒரு நாள் பொருளடக்கத்தில் விரலை வைத்து, இந்தப் பாடத்தை மட்டும் ஏன் இதுவரை எடுக்கவில்லை என்று கேட்டாள். என்ஜின் செயலிழந்தால் இறங்குவது எப்படி என்ற பாடம். பரீட்சகர்கள் விரும்பிக் கேட்பதும் அதைத்தான். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். பரீட்சைக்கு வரும் என்றால் விடக் கூடாது, இப்பவே எடு என்றாள். எழுந்து போய்ப் பலகையையும் அவளே துடைத்தாள்.

எடுத்தேன். என்ஜின் நின்றாலும் ஹெலிகாப்டர் கல் போல விழாது, இடது கை லீவரை உடனே தாழ்த்தினால் கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுற்றும் என்றேன். ஆரல்வாய்மொழிக் காற்றாலைக்கு எந்த என்ஜின் இருக்கிறது என்று கேட்டேன். அக்காவுக்கு அது பிடித்துவிட்டது, தலையாட்டினாள். இறங்குகிற கோணத்தைப் போட்டுக் காட்டியபோது கணக்கு டீச்சர் முகம் மலர்ந்தது. அடுத்தது பயிற்சி முறை. அந்தப் பகுதியை விழுங்கிவிடலாம் என்று வேகமாகச் சொன்னேன். மேலே போனதும் என்ஜின் சக்தியைப் பயிற்றுநரே குறைத்துவிடுவார், மாணவன் இறக்கிப் பழகுவான், இது பலமுறை செய்யப்படும்.

அக்கா கையை உயர்த்தினாள்.

"மேல வச்சு நெசமாட்டே கொறைப்பாங்களா?"

"நெசமாட்டேதான். தானா நிக்கிய அண்ணைக்கு அவனுக்குச் செய்யத் தெரியாண்டாமா?"

"அப்பம் நீ எங்க இருப்பே?"

மார்க்கர் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

"அவனுக்கப் பக்கத்துல. இடது சீட்டுல" என்றேன்.

கோயிலில் வாசித்த அறிவிப்பு அவளுக்கும் நினைவுக்கு வந்திருக்கும். கத்துவாள், சுவரிலிருந்த கால அட்டவணையைக் கிழிப்பாள், போகாதே என்பாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் லேசாகியிருக்கும். அவள் பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலிலேயே கேட்டாள்.

"அந்தப் பையன் பயந்துட்டா என்ன செய்வான்?"

"லீவரை மேல இழுப்பான். கீழ போறோம்னு தோணினா எல்லாரும் அதைத்தான் செய்வாங்க."

"இழுத்தா?"

"விசிறி நின்னு போவும். இழுக்க விடப்பிடாது அக்கா. அதுக்குத்தான் நான் இருக்கது."

பால் அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அன்று பால் வாங்கவே இல்லை.

எங்கள் வீட்டில் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். வீடு என்பது நாங்கள் இரண்டு பேர்தான், ஆனாலும் அது நடக்கும். அக்கா முழங்கால் போட்டு ஜெபிப்பாள். நான் கேட்டு, கடைசியில் ஆமென் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுந்திருப்போம். அன்று நான் கீழே இறங்கவே பயந்தேன். தன் வாயால் சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்வதுபோல என்னிடம் சொல்வாள், இவள் போகாமல் தடுத்துவிடும் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவள் எப்போதும்போலப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஜெபித்தாள். சித்தியின் சர்க்கரை வியாதிக்காக ஜெபித்தாள். தினமும் என் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செய்யும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஆண்டவரே, இவளுக்கப் பக்கத்துல இருக்கப் போற அந்தப் பிள்ளை ஆருக்க பிள்ளைன்னு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். பயம் வரும்போ அவனுக்க கையை நீர் பிடிச்சுக்கொள்ளும். மேல இழுக்க விடாதேயும்."

அவ்வளவுதான். எனக்காக ஒரு வார்த்தை இல்லை.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. வெறும் தரையில் மூட்டுவலிக்கார முழங்கால்களை ஊன்றியபடி காத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லாமல் அவள் எழுந்திருக்க மாட்டாள். ஆமென் என்றேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.