கால்வைக்காத மாவட்டத்து ஓட்டுகள்

நார்த் டகோட்டாவில் தேனீ வளர்த்துவந்த லோர்னா வோகன், மாநில விவசாய ஆணையர் பதவிக்கு நின்று படுதோல்வி அடைந்தாள். மறுநாள் காலை கணவன் ஓரின் பேப்பரை விரித்துச் சிரித்தான்.

"அறுபதாயிரம் ஓட்டு வாங்கியிருக்கியே! நம்ம ஊர்ல மொத்தமே முந்நூறு பேர்தான்."

அவள் கண் மாவட்டப் பட்டியலில் நின்றது. மேற்குக் கோடியில், அவள் கால்வைத்தே இராத மாவட்டத்தில் நாற்பத்தொரு ஓட்டு.

"அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

அடுத்த வாரம் ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி அங்கே போனாள். பெட்ரோல் பங்கில் காபி ஊற்றிக்கொடுத்த பெண் அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க அந்தத் தேனீக்காரம்மாதானே? பேப்பர்ல பார்த்தேன். உங்களுக்குத்தான் போட்டேன்."

"என்னைத் தெரியவே தெரியாதேங்க!"

"ஓட்டுச்சாவடி எங்க வீட்டுலேருந்து நாப்பது மைல். பனி வேற. ஒரே சீட்டுல எல்லாப் பதவிக்கும் பேரு இருக்கு. அவ்வளவு தூரம் போயிட்டு, மேல இருக்கிற செனட்டருக்கு மட்டும் போட்டுட்டுத் திரும்புவேனா? கடைசிப் பேரு வரைக்கும் படிச்சுப் பார்த்துத்தான் போட்டேன்."

லோர்னா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வீடுகூட இல்லாத புல்வெளி. அந்த வெளியில் எங்கெங்கிருந்தோ கிளம்பி வந்து மனிதர்கள் தன் பெயரைப் படித்திருக்கிறார்கள். காபி ஆறுவதுகூடத் தெரியாமல் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.