மூன்றாம் அறையில் இபு வுர்யானியின் இருபது நிமிடம்

இபு வுர்யானிக்கு ஐம்பத்தொரு வயது. பெண்களை 'இபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் அழைப்போம், அம்மா, ஐயா என்பதுபோல. வொனோசோபோ மலைப்பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறார். பதினொரு வருடமாக ஒரே பதவிப் படியில் நிற்கிறார். அடுத்த படிக்கு ஒரு தாள் போதும்: ஆங்கில ஆசிரியர் மாநாட்டில் கட்டுரை வாசித்ததற்கான சான்றிதழ். சும்மா உட்கார்ந்து கேட்டதற்கான சான்றிதழ்கள் முப்பத்தாறு வைத்திருக்கிறார். அலுவலகத்தில் அவற்றை யாரும் மதிப்பதில்லை.

செமாராங் ஓட்டலில் நடந்த மாநாட்டில் மூன்றாம் அறைக்கு நான் நேரக்காப்பாளன். பேச வேண்டியிராத வேலை என்பதால் கேட்டு வாங்கியது. ஐந்து நிமிடம் மிச்சமிருந்தால் மஞ்சள் அட்டை, முடிந்தால் சிவப்பு. பிறகு படிவத்தில் 'கட்டுரை வாசிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் ஒரு டிக். டிக் இல்லையென்றால் சான்றிதழ் இல்லை.

"மாஸ், எனக்கு எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார் இபு வுர்யானி. இளைஞர்களை 'மாஸ்' என்பது எங்கள் வழக்கம்.

"இருபது, இபு. அப்புறம் கேள்விக்கு அஞ்சு."

"தாராளம். என் கட்டுரையே நேரத்தைப் பத்திதான்!"

உண்மைதான். வகுப்பு தொடங்கும்போது ஆசிரியர்கள் எவ்வளவு நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று ஒரு வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரமும் கையுமாகக் குறித்திருந்தார்.

அறையில் எட்டுப் பேர். நான்கு பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். மூன்று பேர் அவருடைய பள்ளிக்காரர்கள், ஒரே நிற பாத்திக் சட்டையில். ஒருவர் ஏசிக்காக வந்தவர்.

"அஸ்ஸலாமு அலைக்கும்!" என்றார் மைக்கில். எட்டுப் பேரும் பதிலை முனகினார்கள்.

"என்ன இது, காலைல யாரும் சாப்பிடலையா? இன்னொரு தரம்!"

மூன்றாம் தரம்தான் திருப்தி. அடுத்து, வராத கல்வி அதிகாரியையும் வராத கல்லூரி முதல்வரையும் ஓட்டல் மேலாளரையும் பெயர் சொல்லி வரவேற்றார். மைக்கைப் பிடித்தவர் யாரும் எங்களிடையே இதைத் தாண்டிவிட முடியாது. அதற்கடுத்து உற்சாக விளையாட்டு.

"தூக்கம் வருதில்ல? எழுந்திருங்க! நான் மழைன்னா கையை ஒரு தட்டு, புயல்னா ரெண்டு. தப்பாத் தட்டினவங்க முன்னால வந்து ஆடணும்!"

அடுத்துப் பேச வேண்டிய பாக் குரித்னோ, தொழிற்பள்ளியின் மீசைக்காரர், இரண்டு முறை தப்பாகத் தட்டினார். ஆடினார். மோசம் என்று சொல்ல முடியாது. ஏசிக்காக வந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது.

மஞ்சள் அட்டையைத் தூக்கினேன்.

"பாருங்க, மாஸ் மஞ்சள் காட்டறார்! மஞ்சளுக்கு மூணு தட்டு!"

சிவப்பைத் தூக்கினேன்.

"சிவப்புக்கு நாலு!"

நாலும் முழங்கியபிறகுதான் அட்டையில் 'நேரம் முடிந்தது' என்று எழுதியிருந்ததைப் படித்தார். திரையில் இன்னும் தலைப்பு மட்டுமே இருந்தது.

"மாஸ்... முடிஞ்சிடுச்சா? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

என் பேனா அந்தக் கட்டத்தின் மேல் தட்டானைப் போல நின்றது. உட்காரவில்லை.

"கேள்வி நேரம்," என்றேன், முடிந்த அளவு உரக்க.

பாக் குரித்னோ கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஆட வெச்சீங்க, சரி. அந்த ஆராய்ச்சில என்னதான் கண்டுபிடிச்சீங்க, இபு?"

குத்தலாகத்தான் கேட்டார்.

"நல்ல கேள்வி, பாக்!" என்று பாய்ந்தார் இபு வுர்யானி. வணக்கமில்லை, கைதட்டலில்லை. முப்பத்திரண்டு வகுப்புகள், இரண்டு அட்டவணைகள், நாற்பது நிமிட வகுப்பில் பதினொரு நிமிடம் தொடக்க ஆரவாரத்துக்கே போகிறது என்ற முடிவு. நாலே நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது.

"இன்னைக்கு எத்தனை நிமிஷம் போச்சு?" என்றார் குரித்னோ.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருபதும்," என்றேன்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் இபுதான். அந்த எண்ணைக் கட்டுரை ஓரத்தில் குறித்தும் கொண்டார். பிறகு என் மேசைக்கு வந்து குனிந்தார்.

"வாசிச்ச மாதிரிதானே, மாஸ்?"

"கண்டுபிடிச்சது எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே, இபு. இதோ, டிக்."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கொஞ்சம் அழுத்திப் போடுங்க. எங்க ஆபீஸ்ல ஜெராக்ஸ் எடுத்தாத் தெரியணும்."

அழுத்தினேன். அடியிலிருந்த படிவத்தில் பாக் குரித்னோவின் கட்டத்திலும் டிக் பதிந்துவிட்டது. அவர் அப்போதுதான் மைக்கை வாங்கிக்கொண்டிருந்தார்.