கேட்காமல் அடித்த ஆணி

கொழும்பில் நான் வீடு வாங்கிய சேதியை அக்கரப்பத்தனைக்குப் போன் போட்டுச் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "உறுதியில தொரை கையெழுத்து எங்க இருக்கு?" என்பதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. தோட்டத்தை ஆளும் தொரையும் இல்லை, தோட்டமும் இல்லை, இது என் பெயரில் உறுதிப் பத்திரம் உள்ள வீடு என்றேன். பார்த்து இரு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவர் உலகம் தெரியாதவர் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தேயிலைச் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டியவர். ஆனால் குடியிருந்தது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். லயத்தின் கூரை, கதவு, சுவர் எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் அடுப்புப் புகை வெளியே போக வழியில்லை. அம்மா இருமி இருமிச் சோறாக்குவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பின்சுவரில் பிஸ்கட் டின் மூடி அளவுக்கு ஒரு ஓட்டை போட்டார். அன்றைக்குத்தான் அம்மா இருமாமல் ரொட்டி சுட்டாள். மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னாலும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கேட்டார்: "யாரக் கேட்டு செவுத்துல கைய வச்ச?"

சாயங்காலம் கல்லும் களிமண்ணும் வைத்து அந்த ஓட்டையை அப்பாவே அடைத்தார். அதன் பிறகு அவர் எந்தச் சுவரிலும் கை வைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் காம்பிராவில் சாமி படம்கூடப் பெட்டியின் மேல் சாய்ந்துதான் இருந்தது.

நான் படித்து, கொழும்பில் கணித ஆசிரியையாகி, வாடகை அறைகளில் காலம் தள்ளி, நாற்பதைத் தாண்டித்தான் வீடு பார்க்கக் கிளம்பினேன். முதலில் கல்யாணத்தைப் பார் என்றார்கள் சொந்தக்காரர்கள். பெண் பார்க்க வந்தவர்களோ வீடு இருக்கிறதா என்றுதான் கேட்டிருந்தார்கள். இப்போது வீடு இருக்கிறது, அவர்களைத்தான் காணோம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

தெமட்டகொடையில் ஒரு லேனுக்குள் இருந்த அந்த வீட்டுக்குள் நுழையும் முன் தரகர் என் காதோடு சொன்னார்: ஊர் எதுவென்று கேட்டால் கண்டி என்று சொல்லுங்கள், தோட்டம் என்றால் மதிக்க மாட்டார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற சிங்களவர். எந்த ஊர் என்று அவர் கேட்டதும், அக்கரப்பத்தனை, தோட்டத்து லயத்தில் பிறந்தவள் என்று சிங்களத்தில் தெளிவாகச் சொன்னேன். தரகர் தன் செருப்பைப் பார்த்தார். வீட்டுக்காரரோ சந்தோஷமாகிவிட்டார். சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கொட்டகலை ஸ்டேஷனில் வேலை பார்த்தாராம். அந்தக் குளிரை இன்னும் மறக்கவில்லையாம். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்க முடியாமல் மகனோடு போய்ச் சேர வீட்டை விற்றுக்கொண்டிருந்தார்.

பால் காய்ச்சவும், இனி என்னோடே தங்கிவிடவும் அப்பா வந்தார். கையில் ஒரே ஒரு பை. அதற்குள் இரண்டு சட்டை, இரண்டு சாரம், துண்டில் சுற்றிய அம்மாவின் படம். அம்மா போய் மூன்று வருடமாகியிருந்தது. சுத்தியலும் ஆணியும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். முன்னறையில் நல்ல இடமாகப் பார்த்து மாட்டுங்கள் என்றேன். இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

ஒரு வாரம் போனது. படம் நாற்காலியிலேயே இருந்தது. சட்டையைக் கதவு மேல் போட்டார். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்துவதற்கு முன், யாரும் ஏதும் சொல்ல மாட்டார்களே என்று கேட்டார். பையைக்கூடப் பிரித்து வைக்கவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. உறுதியில் என் பெயர் இருந்து என்ன, அவர் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும்வரை அது எங்கள் வீடு என்று என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆணியை நானே அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. பிடிவாதத்தில் நான் அவர் மகள்.

சனிக்கிழமை காலை கேட்டைத் தட்டும் சத்தம். முற்றத்தில் இருந்த அப்பா எழுந்து போனார். நான் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தேன். வெளியே வீட்டை விற்றவர் நின்றிருந்தார். கேட் பூட்டியிருக்கவில்லை, ஆனாலும் அவர் உள்ளே கால் வைக்கவில்லை.

"மாத்தயா, உள்ள வரலாமா?" என்று சிங்களத்தில் கேட்டார். மாத்தயா என்றால் ஐயா.

அப்பா திரும்பிப் பார்த்தார். பின்னால் வேறு யாரும் இல்லை. தன்னைத்தான் கேட்கிறார் என்று புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தன் மனைவி நட்ட மல்லிகை முற்றத்தில் நிற்கிறது, மகன் வீட்டில் வைக்க ஒரு கொப்பு வெட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்றார் வந்தவர். கேட்கும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

நான் வெளியே போகவில்லை. அந்தப் பதிலை அப்பாதான் சொல்ல வேண்டும் என்று நின்றேன்.

"வாங்க," என்றார் அப்பா, தமிழில். பிறகுதான் சிங்களம் ஞாபகம் வந்தது. என்னிடம் கத்தி வாங்கிப் போய், முற்றாத கொப்பு எது, முளைக்கும் கொப்பு எது என்று பார்த்து, சாய்வாக ஒரே வெட்டு. ஒன்றுக்கு மூன்றாகக் கொடுத்தார். ஈரச் சாக்கில் சுற்றியும் கொடுத்தார். டீ குடிக்காமல் போகக் கூடாது என்று அவரை உட்கார வைத்தவரும் அப்பாதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீயில் சீனியை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

வந்தவர் போய் அரை மணி நேரம் இருக்கும். முன்னறையில் டங் டங் என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அப்பா ஸ்டூலில் ஏறி நின்று நடுச்சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். சுண்ணாம்புத் தூள் தலையெல்லாம். நான் இடுப்பில் கை வைத்து, அந்தக் கண்டாக்கு ஐயா குரலிலேயே கேட்டேன்.

"யாரக் கேட்டு செவுத்துல கைய வச்சீங்க?"

அவர் திரும்பவே இல்லை.

"நம்ம செவுரு. யாரக் கேக்கணும்?" என்றார். "அம்மா படத்த எடுத்துக் குடு புள்ள. அப்பறம் இன்னொரு ஆணி குடு, சட்ட மாட்டணும்."