உதவித்தொகை வரும்வரை வெற்றிலை வாடக் கூடாது

ஆராய்ச்சி மாணவர் உத்தியோகத்தில் வேலை தினமும் உண்டு, உதவித்தொகை மாதாமாதம் உண்டு. எந்த மாதம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. காலையில் கண் விழித்ததும் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பார்ப்பவரா நீங்கள்? அப்படியானால் வாருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான்.

நான் சேலத்தில் பிஎச்.டி. செய்கிறேன். மரவள்ளி மாவிலிருந்து கண்ணாடித்தாள் போல ஒரு மெல்லிய உறை செய்து, அதற்குள் வெற்றிலையை வைத்தால் எத்தனை நாள் வாடாமல் இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மூன்றாம் வருட ஆய்வுக் கூட்டத்தில் தேறினால் உதவித்தொகை உயரும். தேறாவிட்டால் அத்தோடு நிற்கும்.

மாடி அறை

ஓமலூர் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரம்மா நல்லவர். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவார். ஒருநாள் துணி காயப்போடும்போது, "உனக்குச் சம்பளம் யார் சாமி தர்றது?" என்று கேட்டார். அரசாங்கம் உதவித்தொகை தருகிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அந்த மாதமே வாடகை ஏறியது. கரண்டு பில், தண்ணீர் லாரி, கேஸ் என்று வரிசையாகக் காரணம் சொன்னார். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். உதவித்தொகை வந்தே பல மாதம் ஆகிறது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "கவருமென்டு காசு எங்க சாமி ஓடிப்போயிரும்? லேட்டானாலும் மொத்தமா வருமல்லொ!"

மாவு

துறையில் மாவு வாங்கவும் நிதி இல்லை. பஸ் ஏறி ஆத்தூர் போனேன். ஜவ்வரிசி ஆலை முதலாளி, நான் விலை கேட்ட சின்ன அளவைப் பார்த்து, போண்டா போடப் போகிறேன் என்றே நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஆள் மாறிவிட்டார். "மரவள்ளியில கவர் பண்றியா? நெசமாவா?" என்று கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, என்னை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வைத்தார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. மூன்று வருடத்தில் என் ஆராய்ச்சியை இரண்டாவது முறை கேட்க விரும்பிய ஒரே மனிதர் அவர்தான். மூட்டையைக் கட்டி பஸ் வரைக்கும் ஆளும் அனுப்பினார். பர்ஸை எடுத்தேன், தடுத்துவிட்டார். "காசெல்லாம் வேணாம்மா. ஆனா பாஸ் ஆகலன்னா எங்க மாவு மேல பழி போடக் கூடாது!"

வேலூர் பஸ்

வெற்றிலைக்குப் பஞ்சமில்லை. பரமத்தி வேலூரில் எங்களுக்குக் கொடிக்கால் இருக்கிறது. அப்பா காலையில் பறித்து, ஈரச்சாக்கில் சுற்றி, சேலம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். ஆனால் ஆராய்ச்சியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வெற்றிலை என்றால் வாடத்தான் செய்யும் என்பார்.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு கடைசிக் கட்டு வந்தது. ஊருக்குப் போன் செய்து, வந்து சேர்ந்தது என்றேன். அப்பா மெதுவாகச் சொன்னார். "இதுலயும் ஆவுலீன்னா பேசாம ஊட்டுக்கு வந்துரு சாமி. லாரி ஆபீசுல கணக்கெழுத ஆள் கேக்கறாங்க."

ஆம்லெட்

நாமக்கல் முட்டை விலையைப் பங்குச் சந்தை மாதிரி தினமும் பார்ப்பவர்கள் இரண்டே வகை: கோழிப் பண்ணைக்காரர்கள், உதவித்தொகை வராத மாணவர்கள். எங்கள் மெஸ்ஸில் ஆம்லெட் விலையை அழித்து அழித்து எழுதி, அந்தக் கரும்பலகையே வெள்ளையாகிவிட்டது. பக்கத்து மாவட்டத்து முட்டைக்கு இந்த விலையா என்று ஆய்வக நண்பன் சரவணன் ஒருநாள் சண்டைக்கே போய்விட்டான். மெஸ் அண்ணன் கரண்டியைக்கூட நிறுத்தவில்லை. "எனக்கும் உங்களுக்கும் நடுவுல கோழி ஒண்ணுதான் இருக்குது தம்பி. அதுகிட்டயே பேசிக்கங்க."

மதியச் சாப்பாடு

காலையில் நடக்க வேண்டிய ஆய்வுக் கூட்டம் மதியத்துக்குத் தள்ளிப்போனது. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த தேர்வாளருக்கு, எங்கள் துறை வழக்கப்படி, கூட்ட அறையிலேயே வாழை இலைச் சாப்பாடு. நான் ஓர் ஓரத்தில் தட்டு வைத்திருந்தேன். ஒரு பக்கம் உறையில்லாமல் காய்ந்து சருகான வெற்றிலை, மறுபக்கம் உறையில் பத்து நாளாய் இருந்த பச்சை வெற்றிலை. நான் ஆய்வுப் படங்களைக் காட்டக் கம்ப்யூட்டரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, கை கழுவி வந்த தேர்வாளர் நேராக அந்தத் தட்டுக்குப் போனார்.

கல்யாண வீட்டுப் பழக்கம்! சாப்பிட்டதும் பக்கத்தில் தட்டில் வெற்றிலை இருந்தால் அது எதற்கென்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். உறையைக் கிழித்தார். இரண்டு வெற்றிலையை வேட்டியில் துடைத்து, காம்பு கிள்ளி, சட்டைப்பையிலிருந்த டப்பாவிலிருந்து சுண்ணாம்பு தடவி, பாக்கோடு மடித்து வாயில் போட்டார். என் வழிகாட்டி மேடம் எழுந்து நின்றுவிட்டார். என் மூன்று வருட உழைப்பு தேர்வாளருடைய வலது கன்னத்தில் இருந்தது.

"வேலூர் வெத்தலைங்களா மேடம்? காலைல பறிச்சதாட்டம் இருக்குது" என்றார். மேடம் திணறிக்கொண்டே, அது பறித்துப் பத்து நாள் ஆனது என்றார். மெல்வது நின்றது. கிழித்துப் போட்ட உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சிவந்த வாயோடு மாலை வரை கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். தேறிவிட்டேன்! மாடிப்படியில் நின்று குதித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன். ஆத்தூர் ஆலை முதலாளிக்குப் போன் செய்து, மாவு மேல் பழியில்லை என்றேன். பிறகு அப்பாவுக்குப் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "நம்ம கொடிக்கா எலையத் தின்னுட்டா பாஸு போட்டாரு?"

கேசரி

சந்தோஷத்தில் வீட்டுக்காரம்மாவிடமும் ஓடினேன். தேறிவிட்டேன், உதவித்தொகை உயரப் போகிறது என்று கத்தினேன். அவர் உடனே கேசரி கிண்டினார். தாராளமாக முந்திரி போட்டு, தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, கன்னத்தைத் தொட்டுச் சொன்னார். "ரொம்ப சந்தோசம் சாமி. அப்ப வர்ற மாசத்துலருந்து வாடகையக் கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுத்துரு."

ஆக, என் உதவித்தொகை உயர்ந்த சேதி ஆத்தூர் ஆலை முதல் மாடி அறை வாடகை வரை எல்லோருக்கும் எட்டிவிட்டது, என் வங்கிக் கணக்கு ஒன்றைத் தவிர.